பன்னிரண்டரை அங்குலம்

ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணில் அம்மா இருக்கிற கட்டடத்தின் பின்படிக்கட்டில், முதுகுப்பையில் இருபது இறாத்தல் சிவப்பரிசியைச் சுமந்துகொண்டு நிஷாந்தி ஏறிக்கொண்டிருந்தாள். மொத்தம் பத்தொன்பது மாடி. பதினோராம் மாடியில் யாரோ கருவாடு பொரித்த மணம் கதவிடுக்கால் வந்து படிக்கட்டெல்லாம் நிறைந்திருந்தது. பதினான்காம் மாடியில் சிகரெட் பிடிக்க வந்து நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர், லிப்ட் இன்றைக்கும் பழுதா என்று கேட்டார். இல்லை, நல்லாய்த்தான் ஓடுகிறது, நான்தான் வேண்டுமென்று நடக்கிறேன் என்று சொன்னால் மனுசன் என்ன நினைக்கும்? "ஓம், பழுதுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மேலே போனாள். பத்தொன்பதாம் மாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

"எனக்கு ஒரு விசயம் விளங்கேல்லை பிள்ளை. அரிசியை மேலை கொண்டுவாறாய், சந்தோசம். பேந்து ஏன் அதைக் கீழை கொண்டுபோறாய்? இஞ்சை வைச்சிட்டுப் போவன்!"

நிஷாந்திக்குச் சிரிக்கவும் மூச்சில்லை. கீழே தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில், போனில் நேரம் பார்த்தபடி சஞ்சீவன் இருந்தான். இரண்டு தரம் ஏறி இறங்க வேண்டும். அவன்தான் நேரம் குறிப்பான், அவன்தான் காருக்குள் தேசிக்காய்த் தண்ணீர் வைத்திருப்பான். வீட்டுக்குப் போனதும் அவளுடைய முழங்கால்களுக்குச் சித்தாலேபத் தைலம் பூசி உருவி விடுகிறவனும் அவன்தான். கட்டினால் இப்படி ஒரு மனுசனைக் கட்டவேண்டும் என்று வேலைத்தலத்தில் துர்க்கா கண் வைத்தபோது, நிஷாந்தி பெருமைப்படாமல் இருக்கவில்லை.

ரொறன்ரோவில் எல்லாம் இருக்கிறது, மலைதான் இல்லை. மலையில் வேட்டைக்குப் போகப்போகிறவள் எங்கே ஏறிப் பழகுவது? அதனால்தான் இந்தப் படிக்கட்டு, இந்த அரிசி.

ஒரு தமிழ்ப் பொம்பிளை எப்படி வேட்டைக்காரியானாள் என்று கேட்பீர்கள். அது ஒரு கையெழுத்தால் வந்த வினை. சஞ்சீவன் ஒட்டுசுட்டான் பக்கத்து ஆள். காடும் பன்றியும் மரையும் அவனுக்குச் சின்ன வயதில் பழக்கம். பதினொரு வருசத்துக்கு முன்னர் இங்கே துவக்கு லைசென்சுக்கு விண்ணப்பம் நிரப்பியபோது, அதிலே மனைவியும் கையெழுத்துப் போட ஓர் இடம் இருந்தது. "என்னண்டு தெரியாமல் நான் கையெழுத்துப் போடன். அந்த வகுப்புக்கு நானும் வாறன்" என்றாள் நிஷாந்தி. யாழ்ப்பாண ரவுணில் பிறந்து, பதினொரு வயதில் இந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தவள். துவக்கென்றால் ஆமிக்காரன் கையில் கண்டது மட்டும்தான். வகுப்புக்குப் போனாள், சோதனையில் அவனைவிட நாலு புள்ளி கூட எடுத்தாள். அவளுக்கும் லைசென்ஸ் வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரும் பான்கிரொஃப்ற் காட்டில் ஒரு கிழமை. சஞ்சீவனின் ஊர்க்காரர் ஐந்தாறு பேரோடு இவளும். அவர்களுடைய வேட்டைக்கு அவர்களுடைய சட்டங்கள் இருந்தன. காட்டுக்குள் இறங்கமுன் ஒரு குழை முறித்து மரத்தடியில் காட்டுத் தெய்வமான ஐயனுக்கு வைக்கவேண்டும். ஊரிலே பாலைக் குழை, இங்கே பைன் குழை. ஐயன் கோபிக்கமாட்டார் என்று தங்களுக்குள்ளே தீர்மானித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சுடுவதில்லை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பெரிய கொம்பன் மான் ஒன்று கூடாரத்துக்குப் பக்கத்தாலேயே ஆறுதலாக நடந்து போனது. ஆறு பேரும் பருப்பும் சோறுமாக இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்லுவது!

நிஷாந்தி நல்லாய்ச் சுடுவாள். சும்மா புகழ்ச்சிக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஊசிமருந்து கலக்கிற வேலை அவளுக்கு. கிராமுக்குக் கீழே அளக்கிற கை, நடுங்கக்கூடாத கை. போன நவம்பரில் சஞ்சீவன் குறி தவறவிட்டு, ஓடத்தொடங்கிய மானை இவள் பக்கத்து மேட்டிலிருந்து ஒரே வெடியில் விழுத்தினாள். அன்றைக்குப் பெடியள் கூடாரமே அதிரச் சிரித்தார்கள். "சஞ்சீவன், இனி நீ சட்டி கழுவு, மனுசி வேட்டைக்குப் போகட்டும்!" எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் சஞ்சீவன்தான். உண்மையாகவே சட்டியையும் கழுவினான்.

அந்த மாரியில்தான் மலைக்கதை தொடங்கியது. எட்மன்ரனில் இருக்கிற சண்முகநாதன், சஞ்சீவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். அல்பேர்ட்டாவில் வெளி மாகாணத்துக்காரர் வேட்டையாடவேண்டுமென்றால் அங்கே இருக்கிற ஒருவர் பொறுப்பெடுத்துப் பெயர் கொடுக்கவேண்டும். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம், செப்ரெம்பர் கடைசியில் வாருங்கள் என்று அவர் சொன்னார். கழுதைக் காதுபோலப் பெரிய காதுள்ள மலைமான். ஏழு மணித்தியாலம் ஏறவேண்டும். அங்கேயே கூடாரம் அடித்து மூன்று நாள், அவருக்கு ஒன்று, இவர்களுக்கு ஒன்று. சஞ்சீவன் போனை வைத்துவிட்டு, "நீரும் நானும்" என்றான். கலியாணம் கட்டிப் பத்தொன்பது வருசத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதில்லை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அது ஒரு வேடிக்கையான குறைதான். விடுமுறையென்றால் ஒரு வான் வண்டி நிறையச் சொந்தக்காரர் சேர்ந்துவிடுவார்கள். அந்த "நீரும் நானும்" என்ற சொல்லிலேயே நிஷாந்தி விழுந்துபோனாள் என்று நினைக்கிறேன்.

துவக்கெல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். பான்கிரொஃப்ற்றில் எந்தத் துவக்கும் சரி. காரிலிருந்து அரை மைல் நடந்து, மடக்குக் கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு காவல் இருப்பதுதான் அங்கே வேலை. நாலரைக் கிலோத் துவக்கென்றாலும் கதிரைதானே சுமக்கிறது. மலை அப்படி விடாது. அடிவாரத்தில் ஓர் இறாத்தல், உச்சிக்குப் போகமுன் பத்து இறாத்தல். நிஷாந்தி ஐந்தடி உயரம், நாற்பத்தேழு கிலோ. கூடாரம், சாப்பாடு, போர்வையோடு துவக்கையும் அவள்தான் சுமக்கவேண்டும். அப்படியென்றால் ஆகப் பாரம் குறைந்த துவக்கை வாங்கினால் சரிதானே? அங்கேதான் சிக்கல். பாரமான துவக்கு கையில் அசையாமல் கிடக்கும், உதையையும் தானே வாங்கிக்கொள்ளும். மெல்லிய துவக்கு நாங்கள் விடுகிற மூச்சுக்கே ஆடும். வெடி வைத்தால் உதை முழுவதும் தோளுக்கு. மேலே ஏறி, மூச்சு வாங்க வாங்க, ஒரேயொரு வெடி வைக்கிறதற்கு அவளுக்கு ஏற்ற மெல்லிசு எது? இதைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் பிடித்தது.

ஒஷாவாவுக்குப் பக்கத்தில் கிளிபோட் என்கிற மனுசன் ஒரு சின்னத் துவக்குக்கடை வைத்திருந்தார். கார்த் தொழிற்சாலையில் முப்பது வருசம் வேலை செய்து ஓய்வெடுத்தவர். திருத்த வேலையும் அவரேதான். அவருடைய கடையில் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒரு துவக்கு இறகுபோல இருந்தது. சுட்டுப் பழகுகிற திடலில் மூன்று வெடி வைத்தாள், தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது; நாலாவது வெடிக்கு விசையை அழுத்தமுன்னமே கண் தானாக மூடியது. கண் மூடினால் கதை முடிந்தது, அது வேண்டாம். இன்னொன்றின் குழல் மெல்லியது, மூன்று வெடியோடு சூடேறித் துவக்கு ரவை குறிக்கு அங்குமிங்கும் போனது. மலையில் மூன்று வெடிக்கு எந்த மான் காத்துக்கொண்டு நிற்கும், அது பரவாயில்லை என்று மெல்லிய குழலை ஏற்றுக்கொண்டாள். பெரிய ரவை வேண்டும், கரடி வரும் என்று பெடியள் வெருட்டினார்கள். கிளிபோட் தலையை ஆட்டி, அளவான ஏழு மில்லிமீற்றர் ரவையை எடுத்து வைத்தார். அவள் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒரு கடதாசி ஒட்டி, ஸ்கோப்பின் நிறை, அதைப் பூட்டுகிற வளையங்களின் நிறை, தோள்பட்டியின் நிறையெல்லாம் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதினாள். தோசைமாவுக்கு உளுந்து நிறுக்கிற தராசில் துவக்கு ரவையை நிறுத்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். கடைசியில் எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ எழுநூற்றைம்பது கிராமில் ஒன்று அகப்பட்டது. கரிய நிறம், தோளில் அண்டக் கொடுக்கிற பிடங்கு பாரமில்லாத கரிநாரில் செய்தது. அவளுடைய பெயரிலேயே வாங்கினார்கள்.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. துவக்குகளைச் செய்கிறவர்கள் ஐந்தடிப் பெண்ணை நினைத்துச் செய்வதில்லை. விசையிலிருந்து பிடங்கின் முனைவரை உள்ள நீளம் அவளுடைய கைக்கு அதிகம். கிளிபோட் அவளைத் துவக்கோடு நிற்கவைத்து, முழங்கையை மடக்கி அளந்து, பிடங்கில் வெள்ளை நாடா ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "பன்னிரண்டரை அங்குலம். வெட்டி, ரப்பரைத் திரும்பப் பொருத்தித் தருகிறேன்" என்றார். அது யூலை மாதம்.

ஆவணிமாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நிஷாந்தியின் வேலைமுறை மாறி, மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். அடுத்த புதன்தான் துவக்கை எடுப்பதாக இருந்தது, அதுவும் சஞ்சீவன் போய். எப்படியும் முடிந்திருக்கும், ஒருக்கால் எட்டிப் பார்ப்போம் என்று காரை ஒஷாவாப் பக்கம் திருப்பினாள். ஆசைதான், வேறென்ன.

கிளிபோட் உள்ளேயிருந்து துவக்கைக் கொண்டுவந்து, திறந்து காட்டி, மேசையில் வைத்தார். அவள் எடுத்துத் தோளில் வைத்தாள். ரப்பர் தோளில் இருக்காமல் கக்கத்துக்குள் போனது. கை நீண்டு விசையைத் தொடப் போதவில்லை. ஸ்கோப்புக்குள்ளே கறுப்பு வளையம் தவிர ஒன்றும் தெரியவில்லை. திருப்பிப் பார்த்தாள். வெட்டவில்லை. அதுமட்டுமில்லை, பிடங்கின் முனையில் இரண்டு கறுப்புத் தட்டுகள் புதிதாக வைத்துப் பூட்டப்பட்டிருந்தன.

"கிளிபோட், இது என்னுடையதா?"

"உங்களுடையதுதான். நீட்டியாயிற்று."

"நீட்டினதா?"

மனுசன் துவக்கில் தொங்கிய பெயர் எழுதிய கடதாசித் துண்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது. "மூன்று கிழமைக்கு முதல் உங்கள் கணவர் வந்தார். ஓர் உயரமான மனிதரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வெட்டவேண்டாம், திட்டம் மாறிவிட்டது, மலைக்கு இவர்தான் போகிறார் என்றார். அவருக்குத்தான் அளவெடுத்தேன். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன், நிஷாந்தி. நீங்கள்தான் சொல்லி அனுப்பினீர்கள் என்றார்."

துண்டில் அழகான ஆங்கில எழுத்தில் பெயர் இருந்தது: பிரதாபன். சஞ்சீவனுடைய அக்கா தவமலரின் புருசன், அவனுடைய அத்தான். ஆறடி ஓரங்குலம்.

நிஷாந்திக்கு உடனே அழுகை வரவில்லை. காது இரண்டும் சூடாகியது. மூன்று கிழமை! மூன்று சனிக்கிழமை. இவள் நாக்குத் தள்ள அரிசி சுமந்து ஏற, இந்த மனுசன் கீழே இருந்து நேரம் பார்த்திருக்கிறான். எதற்குப் பார்த்தான்? எந்த மலைக்கு? பூசி உருவிவிட்ட அந்தக் கை எப்படி உருவியது?

பென்சில் கோடு போட்ட வெள்ளை நாடா இன்னும் பிடங்கில் இருந்தது. அவள் அதில் விரலை வைத்தாள். "இதிலே வெட்டுங்கள்."

"வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது. வீட்டில் கதைத்துவிட்டு வரலாமே?"

"என்னுடைய லைசென்சில் வாங்கின துவக்கு. வெட்டுங்கள், நான் நிற்கிறேன்."

இரண்டு மணித்தியாலம் நின்றாள். வாள் கரிநாரைக் கிழிக்கிற சத்தத்தைக் கடைசிவரை கேட்டாள். பிறகு தோளில் வைத்துப் பார்த்தபோது, கன்னம் போய் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது, ஸ்கோப்புக்குள்ளே முழு வட்டமும் வெளிச்சமாகத் தெரிந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. கிளிபோட் ஏதோ தேடுவதுபோல உள்ளே போய்விட்டார்.

துரோகம் என்பது எங்களுடைய ஆட்கள் மண்டபங்களில் மேசையில் அடித்துச் சொல்லுகிற சொல். வீட்டுக்குள்ளே, சோறு கறிக்கு நடுவிலே புழங்குகிற சொல் இல்லை. ஆனால் 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்த அந்த ஒரு மணித்தியாலத்தில் அவளுக்கு வேறு சொல் அகப்படவில்லை. பிறகு, பாவி மனசு, அவனுக்காக நியாயம் தேடத் தொடங்கியது. அத்தான் கேட்டிருப்பார். சஞ்சீவனைப் பதினாறு வயதில் கொழும்பிலிருந்து எடுத்து, தன் வீட்டில் வைத்துப் படிப்பித்தவர் அவர்தான். அவர் வாய்விட்டுக் கேட்டால் இவன் எப்படி மறுப்பான்? மாட்டுப்பட்டுப் போயிருப்பான். சொல்லவும் தெரியாமல் விழுங்கவும் தெரியாமல் நிற்கிறான். சரி, சொல்லட்டும். அவனே வாயைத் திறந்து சொல்லட்டும், பார்ப்போம். வீட்டுக்கு வந்து, நிலவறையில் இருக்கிற துவக்கு அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் அது இவள் பிடுங்கி எடுத்த உண்மையாக இருக்கும். அவளுக்கு அவன் தருகிற உண்மை வேண்டியிருந்தது. வியாழன் இரவு சஞ்சீவன் ஹொக்கி வீரர்களைப் பற்றிக் கதைத்தான். வெள்ளி மரக்கறி, அதைப் பற்றிக் கதைத்தான். சனிக்கிழமை காலமை தானே அரிசிப் பையைத் தூக்கிக் காரில் வைத்தான். அவள் இரண்டு தரம் ஏறி இறங்கினாள். கீழே வந்தபோது கண் இருட்டியது. "இருபத்துமூண்டு நிமிசம் நாப்பது! போன கிழமையைவிட இருபது செக்கன் குறைவு. மலை உம்மைக் கண்டு பயப்பிடப்போகுது" என்று சொல்லித் தேசிக்காய்த் தண்ணியை நீட்டினான். அவள் அவனுடைய முகத்தையே பார்த்தாள். ஒரு சுருக்கமில்லை, ஒரு தடுமாற்றமில்லை. இவ்வளவு நல்லாய் நடிக்கிறவனோடா பத்தொன்பது வருசம் இருந்தேன் என்று அவளுக்குப் பயமாகவே இருந்தது.

காருக்குள் ஏறியதும்தான் சொன்னான். "நாளைக்கு மத்தியானம் அக்காவையும் அத்தானையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறன்."

அட, இதுதானா! நிஷாந்திக்கு முழுதும் வெளித்தது. வீட்டுக்கு வந்த ஆட்களுக்கு முன்னால் அவள் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அவளை வளர்த்த வளர்ப்பு அப்படி. அதைக் கணக்குப் பண்ணித்தான் மேசையில் வைத்துச் சொல்லப் போகிறான். அவள் சிரித்துக்கொண்டு, "ஓம், அதுக்கென்ன, பிரதாபன் அண்ணை போகட்டும்" என்று சொல்லவேண்டும், பிறகு பாயாசம் பரிமாறவேண்டும். அவளுடைய நல்ல குணத்தையே எடுத்து அவளுக்குக் கண்ணி வைத்திருக்கிறான்.

ஞாயிறு அவள் குறை ஒன்றும் வைக்கவில்லை. ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, மாங்காய்ச் சம்பல். மல்வேர்னில் அவர்கள் இருந்த அந்த வரிசை வீடுகள் முழுவதற்கும் மணத்தது. பிரதாபன் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். தவமலர் கடதாசியில் சுற்றிய ஒரு போத்தலோடு வந்தாள். நாலு பேரும் சாப்பிட இருந்தார்கள். சஞ்சீவன், வழக்கமில்லாத வழக்கமாக, தானே எழும்பி அத்தானுக்குக் கறி போட்டான். அவன் தொண்டையைச் செருமவும், தவமலர் போத்தலை நிஷாந்தியின் பக்கம் தள்ளவும் சரியாக இருந்தது.

"இந்தா, ஊரிலையிருந்து வந்த எண்ணெய். ராவிலை பூசிக்கொண்டு படு. முழங்காலிலை தண்ணி கட்டினால் லேசிலை விடாது பிள்ளை."

"ஆருக்கு மச்சாள் தண்ணி கட்டினது?"

"உனக்குத்தான்! டொக்டர் மலை ஏறவே கூடாதெண்டிட்டாராமே. தம்பி எல்லாம் சொன்னவன். அதோடை நீயாய், அண்ணை போகட்டும், என்ரை துவக்கையும் கொண்டுபோகட்டும் எண்டு சொன்னியாம். ஆருக்கு வரும் இந்தப் பெரிய மனசு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறது என்பார்கள். நிஷாந்தி நேரே தன் கணவனைப் பார்த்தாள். அவன் சோற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இடத்தை எடுத்தது போதாதென்று, அவளுடைய வாயிலே இல்லாத சொல்லை வைத்து, அவளுடைய காலிலே இல்லாத வருத்தத்தை வைத்து, ஊருக்கெல்லாம் சொல்லி முடித்திருக்கிறான். அவள் எழும்பிக் கையைக் கழுவினாள். நிலவறைக்குப் போய்த் துவக்கை எடுத்து, வெறுமையா என்று பார்த்து, வெடிக்க ஏலாதபடி போல்ற்றைக் கழற்றி வைத்துவிட்டு மேலே கொண்டுவந்தாள்.

"அண்ணை, ஒருக்கால் தோளிலை வைச்சுப் பாருங்கோ."

பிரதாபனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இடக்கையால் வாங்கித் தோளில் வைத்தார். பெருவிரல் மூக்கில் போய் முட்டியது, ஸ்கோப் புருவத்தில் இடித்தது. அந்த ஆறடி மனுசன் சின்னப்பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிளில் ஏறியதுபோல இருந்தார். "இதென்ன, கட்டையாய்க் கிடக்கு? கடைக்காரன் எனக்கெல்லோ அளவெடுத்தவன்?"

"அது என்ரை அளவு, அண்ணை. வியாழக்கிழமை நான் நிண்டு வெட்டுவிச்சனான். என்ரை முழங்காலுக்கு ஒண்டுமில்லை. போகேல்லையெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லவுமில்லை."

வியாழக்கிழமை என்ற சொல்லில் சஞ்சீவன் நிமிர்ந்தான். வெள்ளி, சனி என்று அவன் மனதுக்குள் எண்ணுவது அவளுக்குத் தெரிந்தது. எண்ணட்டும்!

பிரதாபன் துவக்கை மெல்ல அவளிடமே கொடுத்தார். "பிள்ளை, கோயிலாணை எனக்கு இது தெரியாது." பிறகு மச்சானின் பக்கம் திரும்பினார். "நான் உன்னைக் கேட்டனானே, சஞ்சீவன்? மலையைப் பற்றி எனக்கென்ன தெரியும்? நீயெல்லோ வீடு தேடி வந்து, வாங்கோ அத்தான், வாங்கோ அத்தான் எண்டு நிண்டனீ."

நிஷாந்தி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளாக அவனுக்காக அவள் தேடி வைத்திருந்த ஒரேயொரு நியாயமும் போயிற்று. அத்தான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

"நான் நிக்கிறன். நீ போ, பிள்ளை" என்றார் பிரதாபன். மனதாரத்தான் சொன்னார். "சண்முகத்தோடை நான் கதைக்கிறன், பேரை மாத்தட்டும்."

"ஏலாது அத்தான்" என்றான் சஞ்சீவன். யோசிக்கவே இல்லை, வாய்க்குள் வைத்திருந்ததுபோல வந்தது. "பேப்பரெல்லாம் குடுத்தாச்சு. இனி மாத்தேலாது. நீங்கள் வாங்கோ. நிஷாந்தியை அடுத்த வருசம் பாப்பம்."

அந்த அவசரத்தில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. போன நவம்பரில் அந்தச் சிரிப்பு சிரிப்பே இல்லை. சட்டி கழுவினதும் பகிடிக்குக் கழுவினது இல்லை. ஏழு மணித்தியாலம் மலை ஏறி, மூன்று நாள் ஒரே கூடாரத்தில் இருந்து, கடைசியில் தான் தவறவிட இவள் சுட்டு, அந்தக் கதை எட்மன்ரனிலிருந்து ரொறன்ரோவரைக்கும் வருவதை அவனால் தாங்க முடியாது. அதற்கு அத்தானின் துணை நல்லது. அத்தானுக்கு வேட்டை தெரியாது. இவள் தேடித்தேடித் தன்னுடைய பாரத்தைக் குறைத்துக்கொண்டிருந்த ஆறு மாதமும் அவனுக்கு இவள்தான் பாரமாக இருந்திருக்கிறாள். கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. இவனோடு தனியே போக எவ்வளவு ஆசைப்பட்டுவிட்டேன் என்கிற வெட்கம்.

"மாத்தேலுமோ ஏலாதோ எண்டு சண்முகம் அண்ணையையே கேப்பம்" என்றாள்.

போனை எடுத்து, சத்தமாகக் கேட்கவிட்டு, பருப்புக்கும் மாங்காய்ச் சம்பலுக்கும் நடுவில் வைத்தாள். எட்மன்ரனில் அப்போது காலமை பத்தரை மணிதான். மணி போனது. "சாப்பாட்டு நேரத்திலை ஏன் உது?" என்று சஞ்சீவன் இடக்கையை நீட்டினான். தவமலர் தன்னுடைய தம்பியைப் பார்க்காமலே, போனை ஒரு சாண் தள்ளி நிஷாந்திக்குக் கிட்டவாக வைத்தாள். மூன்றாவது மணி. நாலாவது மணி. யாரும் சாப்பிடவில்லை.

"ஹலோ, ஆர், நிஷாந்தியே?" சண்முகநாதனுடைய குரல் பெரிய குரல், மேசை முழுவதும் கேட்டது. "நானே எடுக்கோணும் எண்டு இருந்தனான். என்ன தங்கச்சி, முழங்கால் இப்ப எப்பிடி?"

சஞ்சீவனுடைய வலக்கை பிசைந்த சோற்றுக்கு மேலே அப்படியே நின்றது. விரல்களில் பருப்புக் காயத் தொடங்கியிருந்தது. நிஷாந்தி துவக்கைச் சுவரோடு சாத்திவிட்டு, கதிரையை இழுத்து, போனுக்கு நேரே இருந்தாள்.